காட்டுக்கும் ஒரு கணக்குப் புத்தகம்: 'பாதுகாப்போம்' என்ற வாக்குறுதியில் நாம் பார்க்க வேண்டியது என்ன?

சி ரூசா – மலாய் மொழியில் 'ரூசா' என்றால் மான். ஊர்ப் பெயரில் மான் இருக்கிறது. ஆனால் மான் நடமாடும் அளவுக்குக் காடு இன்று போர்ட்டிக்சன் வட்டாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சமிருக்கிறது. காடாக இருந்த நிலம் பால்மரத் தோட்டமானது. பால்மரம் செம்பனையானது. செம்பனையும் இப்போது பல இடங்களில் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறி வருகிறது. செரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களை உள்ளடக்கிய 'மலேசியா விஷன் வேலி 2.0' மேம்பாட்டுத் திட்டம் இந்த மாற்றத்தை இன்னும் வேகப்படுத்தும்.

இப்படி நிலம் மாறும்போதெல்லாம் ஒரு வாக்குறுதியும் கூடவே வரும். 'இந்தப் பகுதி பசுமை வளாகமாகப் பாதுகாக்கப்படும்', 'ஆற்றோரக் காடு அப்படியே விடப்படும்', 'வெட்டிய மரத்துக்கு ஈடாக மரம் நடப்படும்' என்று சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் பாதுகாப்பார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு, யார் செலவில், தவறினால் யாரிடம் கேட்பது என்ற கேள்விகளுக்குப் பதில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

அந்தப் பதில்களை எழுதி வைக்கும் ஆவணத்துக்குத்தான் வன நிர்வாகத் திட்டம் என்று பெயர். நிலம், காடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் இந்தத் திட்டத்தை ஒரு கட்டாய நிபந்தனையாகச் சேர்ப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அது என்ன, நம் நாட்டில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு அதில் என்ன சம்பந்தம் என்பதைப் பார்ப்போம்.

தோட்டத்தாருக்கு இது புதிதல்ல

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு தோட்டத்தில் எந்த நிலமும் எண் இல்லாமல் இருக்காது. எந்த எண் காட்டில் எந்த ஆண்டு நட்டது, எத்தனை மரம் நிற்கிறது, எந்த நிரை யாருக்கு, எப்போது உரம், எப்போது மறுநடவு என்பதெல்லாம் ஆபீஸில் கிராணியின் புத்தகத்திலும் சுவரில் மாட்டிய வரைபடத்திலும் இருக்கும். துரை மாறுவார், கம்பெனி கைமாறும், ஆனால் புத்தகம் இருக்கும்வரை வேலை நிற்காது.

காட்டுக்கு அப்படி ஒரு புத்தகம்தான் வன நிர்வாகத் திட்டம். ஒரு வித்தியாசம் உண்டு. செம்பனையின் ஆயுள் ஏறக்குறைய 25 ஆண்டு. காட்டு மரத்தின் கணக்கு அதைவிட நீளம். இன்று வெட்டிய இடத்தில் அடுத்த முறை வெட்ட ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். அதனால்தான் எழுதி வைப்பது இன்னும் அவசியமாகிறது.

முறையான திட்டம் ஒன்றில் குறைந்தது இவை இருக்க வேண்டும்:

• எல்லை வரைபடம். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எத்தனை ஹெக்டர்.
• கையிருப்புக் கணக்கு. என்னென்ன மரம், என்ன பருமன், என்னென்ன விலங்கு, எந்த ஆறு, எந்த ஊற்று.
• நோக்கம். மரத்துக்காகவா, நீருக்காகவா, வனவிலங்குக்காகவா.
• செய்யலாம், செய்யக்கூடாது என்ற பட்டியல். எங்கே வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம், எங்கே கைவைக்கவே கூடாது.
• சுற்றி வாழும் மக்கள். அவர்கள் பாதை, தண்ணீர், வழிபாட்டு இடம்.
• பணமும் ஆளும். யார் செலவு, யார் பொறுப்பு.
• சோதனையும் தண்டனையும். யார் வந்து பார்ப்பார், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திட்டம் புதுப்பிக்கப்படும், மீறினால் என்ன நடக்கும்.

இந்த ஏழில் எல்லையும் தண்டனையும் இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் இருந்து பயனில்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் வனமும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. நாடாளுமன்றம் 1984-இல் தேசிய வனச் சட்டத்தை இயற்றியது. ஒரே மாதிரியான விதிகள் வேண்டும் என்பதற்காக வந்த அந்தச் சட்டத்தைத் தீபகற்பத்தின் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்டு நடைமுறைப்படுத்துகிறது.

இந்தச் சட்டத்தில் திட்டம் என்ற சொல் அலங்காரத்துக்கு இல்லை. வன நிர்வாகத் திட்டம் தயாரித்து நிறைவேற்றுவது மாநில வன இயக்குநரின் கடமைகளில் ஒன்று. மரம் வெட்ட உரிமம் பெறுபவரிடம் நிர்வாகத் திட்டம், வெட்டும் திட்டம், மறுநடவுத் திட்டம் கேட்கும் விதிகளும் உண்டு. நிரந்தர வனமாக அறிவிக்கப்பட்ட காட்டை எதற்காக வைத்திருக்கிறோம் என்றும் வகை பிரிக்க வேண்டும். மர உற்பத்தி, மண் பாதுகாப்பு, வெள்ளத் தடுப்பு, நீர்ப்பிடிப்பு, வனவிலங்கு சரணாலயம், கன்னிக்காடு, பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி என்று அந்தப் பட்டியல் போகிறது.

மரம் வெட்டும் காட்டில் 1978 முதல் தீபகற்பத்தில் 'தேர்ந்தெடுத்து வெட்டும் முறை' நடப்பில் உள்ளது. வெட்டுவதற்கு முன்பே மாதிரிக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்தக் கணக்கைப் பொறுத்து எந்தப் பருமனுக்கு மேல் வெட்டலாம் என்று முடிவாகும். மெராந்தி, கெருயிங் போன்ற டிப்டெரோகார்ப் வகைக்குக் குறைந்தது 50 சென்டிமீட்டர் விட்டம், மற்றவைக்கு 45 சென்டிமீட்டர், செங்கால் மரத்துக்கு 60 சென்டிமீட்டர். அதன்பின் சுமார் 30 ஆண்டு இடைவெளி. கணக்கு இல்லாமல் ரம்பம் எடுக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

நிரந்தர வனத்தின் ஒரு பகுதியை விடுவித்து வேறு காரியத்துக்குக் கொடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அப்படி விடுவிப்பதற்கு முன் பொதுமக்களிடம் விசாரணை நடத்த வேண்டும் என்று சிலாங்கூர் 2011-லேயே விதி கொண்டுவந்தது. 2022-இல் தேசிய வனச் சட்டத் திருத்தத்திலும் அது சேர்க்கப்பட்டது. திருத்தத்தையும் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்பதால், 'நம் மாநிலத்தில் இந்த விசாரணை எப்படி நடக்கிறது?' என்பது நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நம் பக்கத்திலேயே மூன்று காடுகள்

திட்டம் இருந்தால் என்ன நன்மை என்று தெரிந்துகொள்ளத் தூரம் போக வேண்டாம்.

போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுங்கை மெஞாலா வனம் இருக்கிறது. தாழ்நிலக் காடு. இந்த வகைக் காட்டைத்தான் தோட்டங்களுக்காக அதிகம் அழித்தோம். இங்கே 1947-இல் ஆராய்ச்சித் துண்டு ஒன்று அளந்து, மரங்களுக்கு எண் போட்டு, பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அளந்தார்கள். தாழ்நிலக் காட்டில் மரம் எவ்வளவு மெதுவாக வளர்கிறது, ஆண்டுக்கு எத்தனை சாகிறது என்பதை உலகம் அறிந்துகொண்ட இடங்களில் இதுவும் ஒன்று.

ஜெலெபு மாவட்டத்துப் பாசோ வனம் இரண்டாவது. 1980களின் நடுவில் அங்கே 50 ஹெக்டர் நிலத்தில், ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள செடி வரைக்கும் எண்ணினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 800-க்கும் மேற்பட்ட இனங்கள்! சுற்றிலும் செம்பனை நிற்க, நடுவில் அந்தக் காடு ஆராய்ச்சிக்காக நிற்கிறது. எதற்காக என்று எழுதி வைத்ததால் நிற்கிறது.

மூன்றாவது, நமக்கு நன்றாகத் தெரிந்த தஞ்சோங் துவான். பழைய கலங்கரை விளக்கம் நிற்கும் முனை. மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து கடல் கடந்து வரும் பருந்துக் கூட்டத்தைப் பார்க்க ஊரே திரளும். நாம் போர்ட்டிக்சன் வழியாகத்தான் அங்கே போகிறோம். ஆனால் சட்டப்படி அந்த முனை மலாக்கா மாநிலத்தின் நிலம். அங்கே ஒரு மரம் விழுந்தாலும் முடிவெடுப்பது மலாக்கா. காட்டுக்குப் பக்கத்தில் வாழ்பவரும் காட்டுக்குப் பொறுப்பானவரும் ஒருவரே அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா? மனு யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் திட்டத்தைப் படிப்பதில் ஒரு பகுதிதான்.

சபா தரும் இரண்டு பாடங்கள்

ஒப்பந்தத்தில் திட்டத்தைக் கட்டாயமாக்கினால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் சபா மாநிலம் நமக்குக் காட்டியிருக்கிறது.

அங்கே தெராமாகோட் என்று ஒரு வனம். சுமார் 55,000 ஹெக்டர். கண்டபடி வெட்டிக் களைத்துப் போன காடு அது. ஜெர்மனியின் உதவியோடு முறையான நிர்வாகத் திட்டம் தயாரித்து, காட்டை 135 பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எந்த ஆண்டு வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று எழுதினார்கள். 1997-இல் அனைத்துலக வனப் பராமரிப்பு மன்றத்தின் சான்றிதழ் கிடைத்தது. வெப்பமண்டல இயற்கைக் காடுகளில் அந்தச் சான்றிதழை முதன்முதலில் பெற்றவற்றுள் அதுவும் ஒன்று.

அதே ஆண்டில் சபா அரசு, நிறுவனங்களோடு 100 ஆண்டு கால வன உரிம ஒப்பந்தங்கள் செய்யத் தொடங்கியது. நிபந்தனை இதுதான்: பத்தாண்டுக்கு ஒரு நிர்வாகத் திட்டம், ஆண்டுக்கு ஒரு வேலைத் திட்டம். அவை ஒப்புதல் பெறாமல் வேலை தொடங்க முடியாது. சொன்னபடி செய்யாத சில நிறுவனங்களின் உரிமம் ரத்தானதும் உண்டு.

இரண்டாவது பாடம் 2021-இல் வந்தது. சபா அரசின் பெயரில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுடன் 'இயற்கைப் பாதுகாப்பு ஒப்பந்தம்' கையெழுத்தானது. 20 லட்சம் ஹெக்டர் காடு, 100 ஆண்டு, கரிம வருமானத்தில் 70 விழுக்காடு மாநிலத்துக்கு, 30 விழுக்காடு நிறுவனத்துக்கு என்று செய்தி வெளியானதும் நாடே அதிர்ந்தது. எந்தக் காடு, எந்த எல்லை, அங்கே வாழும் பூர்வகுடி மக்களிடம் கேட்டார்களா என்ற கேள்விகள் எழுந்தன. 2022 பிப்ரவரியில் சபா மாநிலச் சட்டத்துறைத் தலைவரே, அந்த ஒப்பந்தம் அப்போதிருந்த வடிவில் சட்டப்படி செயல்படும் வலிமை இல்லாதது என்று அறிவித்தார்.

இரண்டும் ஒரே மாநிலம்தான். இரண்டிலும் 'பாதுகாப்பு' என்ற சொல் இருந்தது. ஒன்றில் எல்லையும் கணக்கும் முதலில் வந்தன, கையெழுத்து பிறகு வந்தது. மற்றொன்றில் கையெழுத்து முந்திக்கொண்டது.

தோட்டத்துக்குள்ளும் ஒரு திட்டம் இருக்கிறது

இதெல்லாம் காட்டு விஷயம், செம்பனைத் தோட்டத்துக்கு என்ன என்று கேட்கலாம். சம்பந்தம் நேரடியானது.

2020 முதல் மலேசிய நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. ஏற்றுமதிச் சந்தைக்காகப் பல பெரிய நிறுவனங்கள் 2004-இல் தொடங்கப்பட்ட அனைத்துலகச் செம்பனை வட்டமேசை அமைப்பான ஆர்.எஸ்.பி.ஓ-வின் சான்றிதழையும் வைத்திருக்கின்றன. ஆர்.எஸ்.பி.ஓ சான்றிதழ் உள்ள தோட்டம், தன் எல்லைக்குள் இருக்கும் 'உயர் பாதுகாப்பு மதிப்பு' கொண்ட இடங்களை அடையாளம் கண்டு, அவற்றுக்கு நிர்வாகத் திட்டம் எழுதி, கண்காணிக்க வேண்டும்.

அந்த மதிப்புகள் ஆறு வகை. முதல் மூன்றும் உயிரினங்கள், பரந்த காட்டு நிலப்பரப்பு, அரிய வாழிடங்கள் பற்றியவை. நான்காவது மண் அரிப்பு, வெள்ளம், நீர் போன்ற இயற்கைப் பயன்கள். ஐந்தாவது மக்களின் அடிப்படைத் தேவைகள். ஆறாவதுதான் நாம் கவனிக்க வேண்டியது: பண்பாட்டு, சமய முக்கியத்துவம் வாய்ந்த இடங்கள். அதாவது தோட்டத்துக் கோயில், எல்லைச் சாமி, நம் முன்னோரைப் புதைத்த மயானம் எல்லாம் இந்த ஆறாவது வகையில் பதிவு செய்யத் தகுந்தவை.

நம் தோட்டத்துக் கோயில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆர்.எஸ்.பி.ஓ தணிக்கை அறிக்கைகளின் சுருக்கம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. முதல் தணிக்கைக்கு முன் பொது அறிவிப்பு கொடுத்து, சுற்றுவட்டாரத்தாரின் கருத்தையும் கேட்க வேண்டும். கோயில் கமிட்டி ஒரு கடிதம் எழுதி, இடத்தின் படம், வரைபடம், எத்தனை ஆண்டாக வழிபாடு நடக்கிறது என்ற விவரம் கொடுத்தால் அது கோப்பில் ஏறும்.

ஆற்றோரமும் அப்படித்தான். நீர்ப்பாசன, வடிகால் இலாகாவின் வழிகாட்டியின்படி 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர், 20 முதல் 40 மீட்டர் ஆற்றுக்கு 40 மீட்டர், 10 முதல் 20 மீட்டருக்கு 20 மீட்டர், 5 முதல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதற்கும் சிறிய ஓடைக்கு 5 மீட்டர் ஒதுக்க வேண்டும். ஓடை வரை உரமும் மருந்தும் போனால், கீழே தண்ணீர் பிடிப்பவர்கள் நாம்தான்.

நிலம் கைமாறும்போது திட்டம் என்ன ஆகும்?

இங்கேதான் முக்கியமான ஓட்டை இருக்கிறது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் நில உரிமையாளர் ஒருவர் தன் காட்டை மேம்படுத்தும் உரிமையை விட்டுக்கொடுத்து, பாதுகாப்பு அமைப்பு ஒன்றுடன் ஒப்பந்தம் செய்யலாம். அது நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிலத்தை யார் வாங்கினாலும் அந்தக் கட்டுப்பாடும், அதில் சொல்லப்பட்ட வன நிர்வாகத் திட்டமும் தொடரும். நம் தேசிய நிலச் சட்டத்தில் அப்படிப் பாதுகாப்புக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. அதில் உள்ள வழியுரிமை ஒரு நிலத்துக்கும் இன்னொரு நிலத்துக்கும் இடையிலானது.

ஆகவே, தோட்ட நிறுவனம் சான்றிதழுக்காக எழுதிய திட்டம் அந்த நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும். நில கிராண்டில் அது ஏறாது. தோட்டம் மேம்பாட்டாளர் கைக்குப் போய், விவசாய நிலம் கட்டட நிலமாக மாற்றப்பட்டால் சான்றிதழும் போகும், திட்டமும் போகும். நேற்று வரை 'ஆறாவது மதிப்பு' என்று பட்டியலில் இருந்த கோயில், மறுநாள் வெறும் 'அனுமதி இல்லாத கட்டடம்' ஆகிவிடலாம்.

1950களில் தோட்டத் துண்டாடலைக் கண்ட சமூகம் நாம். அன்று தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அந்தக் காயத்திலிருந்துதான் 1960-இல் துன் சம்பந்தனின் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பிறகு நிலச் சட்டத்திலும் பாதுகாப்பு வந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்துப் பலருக்கு விற்க, தோட்ட நில வாரியத்தின் அனுமதி தேவை. ஆனால் முழுத் தோட்டமும் ஒரே கைக்குப் போவதை அது தடுக்காது.

மாஞ்சோலை சொல்லும் எச்சரிக்கை

காட்டைப் பாதுகாக்கும் ஒப்பந்தம் எல்லாம் நமக்கு நன்மை என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையைப் பாருங்கள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன், சுமார் 8,374 ஏக்கர் மலைக்காட்டை பம்பாய் பர்மா டிரேடிங் நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தது. தேயிலை நடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே லயத்திலேயே வாழ்ந்தார்கள். பிறகு அந்த மலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இலேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து நிறுவனம் விலகத் தொடங்கியது.

காட்டைப் புலிக்குத் திருப்பித் தருவது தவறென்று யாரும் சொல்லவில்லை. 99 ஆண்டு முன்னதாகவே முடிவு தேதி தெரிந்த ஒரு ஒப்பந்தம் அது. காடு எப்படித் திரும்பும் என்று யோசிக்க நேரம் இருந்தது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்று அதே தாளில் எழுதவும் நேரம் இருந்தது. கடைசியில் வீடும் வேலையும் கேட்டு அந்த மக்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று. நிர்வாகத் திட்டத்தில் 'சுற்றி வாழும் மக்கள்' என்ற பகுதி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, உங்கள் வட்டாரத்தில் காடோ பசுமைப் பகுதியோ 'பாதுகாக்கப்படும்' என்று சொன்னால், எந்த ஆவணத்தின் கீழ் என்று கேளுங்கள். அரசிதழில் வந்த நிரந்தர வனமா, நில கிராண்டின் நிபந்தனையா, உரிம ஒப்பந்தமா, சான்றிதழா, அல்லது விளம்பரத் தாள் மட்டுமா? முதலில் உள்ளது மிக வலுவானது. கடைசியில் உள்ளதற்குச் சட்டத்தின் முன் எடை குறைவு.

இரண்டு, போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகப் பகுதிக்கு வட்டாரத் திட்ட வரைவு காட்சிக்கு வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஆட்சேபம் எழுத நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. உங்கள் கோயில், மயானம், ஓடை, காடு எந்த நிறத்தில் வரைபடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

மூன்று, தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்கள், தோட்டம் விற்கப்படுவதற்கு முன்பே கோயிலையும் மயானத்தையும் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். விற்கும் பேச்சு வந்தால், அந்த இடங்களைத் தனி லாட்டாகப் பிரித்து ஒதுக்கும்படி நில அலுவலகத்திலும் மாநில அரசிடமும் மனு போடுங்கள். பத்திரம் கைமாறிய பிறகு போடும் மனுவைவிட, அதற்கு முன் போடும் மனு பல மடங்கு பலமானது.

நான்கு, திட்டத்தை ஒருமுறை பார்த்து விட்டுவிடாதீர்கள். பத்தாண்டுத் திட்டம் என்றால் எந்த ஆண்டு முடிகிறது என்று குறித்து வையுங்கள். புதுப்பிக்கும் நேரத்தில்தான் எல்லைக் கோடுகள் நகரும்.

தோட்டத்தில் செக்ரோலில் பெயர் இல்லாதவருக்குச் சம்பளம் கிடையாது என்பது நமக்குத் தெரியும். காட்டுக்கும் கோயிலுக்கும் ஓடைக்கும் அதே கதைதான். புத்தகத்தில் ஏறாதது நாளை இல்லை என்றாகிவிடும். ஏற்ற வேண்டிய வேலை கிராணியுடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான்.